சிவப்புப் பலகையும் வெள்ளைப் பலகையும்

ஆயுத பூஜை, அட்சய திருதியை, தை முதல் நாள் ஆகியவற்றுக்கு முந்தைய வாரத்தில், வங்கிக் கிளையின் வாகனக் கடன் மேசையில் அமர்ந்திருப்பவரை ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தடையும். "சார், பணம் இன்றைக்கே ஷோரூமுக்குப் போய்விடுமா? நாளைக்கு நல்ல நேரத்தில் வண்டியை எடுத்தாக வேண்டும்." பணம் அன்றைக்கே போய்விடும், அதற்குச் சில நிமிடங்கள் போதும். உடனே வராமல் நிற்பது வேறொன்று. அதுதான் வண்டியின் பதிவெண்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பெங்களூரில் ஒரு கிளையில் பணியாற்றியபோது, தமிழ் பேசும் வாடிக்கையாளர் ஒருவர் தம் முதல் காரை ஆயுத பூஜைக்கு முதல் நாள் எடுத்தார். பதிவு முடியவில்லை. விற்பனையகத்தார் அவரை வருத்தப்படுத்த விரும்பவில்லை. தங்களிடமிருந்த சிவப்பு எண் பலகை ஒன்றை முன்னும் பின்னும் மாட்டி, "கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டுவிட்டு வீட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள், நம்பர் வந்ததும் அழைக்கிறோம்" என்று அனுப்பி வைத்தனர். மறுநாள் எலுமிச்சம்பழம் நசுக்கி, சாமந்தி மாலை சாற்றி, பூசணிக்காய் உடைத்துத் திரும்பும் வழியில் ஓர் இருசக்கர வாகனத்தின்மீது கார் மோதியது. ஓட்டி வந்த இளைஞருக்குக் கை முறிந்தது.

காவல் நிலையத்தில் முதலில் கேட்கப்பட்டது வண்டியின் எண். பலகையிலிருந்த எண் வாடிக்கையாளருடையது அன்று. விற்பனையகத்தின் வணிகச் சான்றுக்கு உரியது. விற்பனையகத்தின் பதிவேட்டைப் பார்த்தபோது, அதே எண் அதே நாளில் நகரின் மற்றொரு மூலையில் ஓடிய வேறொரு காருக்கு எழுதப்பட்டிருந்தது. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்த கடிதம் ஒற்றைக் கேள்வியைத்தான் கேட்டது: விபத்து நடந்த நேரத்தில் இவ்வாகனம் எந்தப் பதிவின்கீழ்ச் சாலையில் இருந்தது? அதற்கு விடை சொல்ல யாரிடமும் தாள் இல்லை. விவகாரம் பதினோரு மாதங்கள் இழுத்தது. அந்தப் பதினோரு மாதங்களும் அவருடைய கணக்கிலிருந்து மாதத் தவணை குறித்த தேதியில் கழிந்துகொண்டே இருந்தது.

அந்தச் சிவப்புப் பலகை எதற்காக ஏற்பட்டது, அதை யார் பயன்படுத்தலாம், வெள்ளைப் பலகையில் உள்ள எண் எதைக் குறிக்கிறது, அதில் வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் என்ன பங்கு என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

எண்ணின் அமைப்பு

ஓடும் வண்டியில் எண் எழுதும் வழக்கம் பாரிஸ் நகரில் 1893-இல் தொடங்கியது. இந்தியாவில் 1914-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதன்பின் 1939-ஆம் ஆண்டின் சட்டமும் இதை முறைப்படுத்தின. இன்று நடைமுறையில் இருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அது 1989 ஜூலை முதல் நாள் செயலுக்கு வந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளும் அதே ஆண்டுக்குரியவை. அதற்கு முன் மூன்று எழுத்துகளும் ஓர் எண்ணுமாக இருந்த பதிவுக்குறி, அப்போதுதான் இன்றைய வடிவத்தை அடைந்தது.

இன்றைய குறியை நான்கு துண்டுகளாகப் படிக்கலாம். முதல் இரண்டெழுத்து மாநிலம். அடுத்த இரண்டு இலக்கங்கள் பதிவு செய்த அலுவலகம். மூன்றாவது, ஓரெழுத்தோ ஈரெழுத்தோ கொண்ட வரிசை. கடைசியில், ஒன்று முதல் 9999 வரை ஓடும் எண். 9999 முடிந்ததும் வரிசையெழுத்து அடுத்ததற்கு நகரும். ஐ, ஓ என்னும் ஆங்கில எழுத்துகள் ஒன்று, சுழியம் ஆகிய இலக்கங்களோடு குழம்பும் என்பதால் வரிசையில் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. டி.என். 37 என்றால் கோயம்புத்தூர் தெற்கு, டி.என். 38 கோயம்புத்தூர் வடக்கு, டி.என். 72 திருநெல்வேலி. எம்.ஹெச். 12 என்ற வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் "புனே வண்டி" என்று மும்பைக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் சிறு வேறுபாடுகள் உண்டு. தில்லியில் அலுவலக எண்ணை அடுத்து வரும் எழுத்து வண்டியின் வகையைச் சொல்லும்; கார் என்றால் சி, இருசக்கர வாகனம் என்றால் எஸ். தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளில் என் என்ற எழுத்தையும், அரசுத் துறை வண்டிகளில் ஜி என்ற எழுத்தையும் காணலாம். ஆந்திரப் பிரதேசம் 2019-இல் மாவட்ட எண்களைக் கைவிட்டு, மாநிலம் முழுமைக்கும் ஏ.பி. 39 என்ற ஒரே எண்ணை ஏற்றது. மாநிலத்தின் பெயர் மாறினாலோ மாநிலம் பிரிந்தாலோ எழுத்தும் மாறும்: ஒடிசா ஓ.ஆர். என்பதிலிருந்து ஓ.டி. ஆனது, உத்தராகண்ட் யு.ஏ. என்பதிலிருந்து யு.கே. ஆனது, தெலங்கானா 2014-இல் டி.எஸ். என்று தொடங்கி 2024-இல் டி.ஜி. ஆயிற்று. பழைய எழுத்துள்ள வண்டிகள் அப்படியே ஓடலாம்.

பலகையின் நிறமும் ஒரு மொழிதான். வெள்ளையில் கறுப்பு எழுத்து சொந்த உபயோக வண்டி. மஞ்சளில் கறுப்பு வாடகைக்கும் சரக்குக்கும் ஓடுவது. கறுப்பில் மஞ்சள், நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடப்படுவது. மின்சார வண்டிக்குப் பச்சைப் பலகை. சொந்த வண்டியாயின் எழுத்து வெள்ளை, வாடகை வண்டியாயின் மஞ்சள். மஞ்சளில் சிவப்பு எழுத்து தற்காலிகப் பதிவு. சிவப்பில் வெள்ளை எழுத்து விற்பனையாளர் வசம் இருக்கும் வண்டி. கடைசி இரண்டையும் குறித்த நிறவிதி 2020-இல் தெளிவாக வரையறுக்கப்பட்டது. கடன் வாங்குவோர் அவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்வதுதான் தொல்லையின் தொடக்கம்.

எண்ணின் கூட்டுத்தொகை குறித்தும் ஒரு சொல். எட்டு வரக்கூடாது, ஒன்பது வந்தால் நல்லது என்று கேட்டு வாங்குபவர்கள் பலர். அதற்கென உரிய கட்டணம் செலுத்திச் சிறப்பு எண்ணைப் பெற மாநிலங்கள் வழி செய்துள்ளன. அதைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால் சிறப்பு எண்ணுக்காகக் காத்திருக்கும் நாட்களும் வண்டி பதிவாகாத நாட்களே. அந்நாட்களில் வண்டி ஷோரூமில் நிற்பதுதான் முறை.

சிவப்புப் பலகை யாருக்கு?

பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்பது சட்டத்தின் 39-ஆம் பிரிவு. அதே பிரிவு ஒரே ஒரு விலக்கைத் தருகிறது: விற்பனையாளர் வசமுள்ள வண்டிக்கு, விதிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி அது பொருந்தாது. தொழிற்சாலையிலிருந்து வந்து விற்பனைக்கு நிற்கும் நூறு வண்டிகளையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்துவிட்டுத்தான் எடைமேடைக்கோ துறைமுகத்துக்கோ கொண்டுபோக வேண்டும் என்றால் வணிகமே நடவாது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் வணிகச் சான்று. வழக்கில் இதை "டி.சி." என்பார்கள். பலகையிலும் அவ்வெழுத்துகள் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மற்ற எண்கள் வண்டிக்கு வழங்கப்படுகின்றன; வணிகச் சான்றின் எண் வணிகருக்கு வழங்கப்படுகிறது. ஆகவே அது ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறலாம். ஆனால் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளில் இருக்கலாகாது. எந்த நாளில், எந்த வண்டி, எதற்காக அந்த எண்ணில் வெளியே சென்றது என்று எழுதிவைக்கத் தனிப் பதிவேடும் உண்டு. பெங்களூர் நண்பரின் விவகாரத்தில் சிக்கல் இறுகியது அந்தப் பதிவேட்டில்தான்.

எதற்காக வெளியே செல்லலாம் என்பதையும் விதிகளே வரையறுக்கின்றன. சோதனை ஓட்டம், வாங்க விரும்புபவருக்கு ஓட்டிக் காட்டுதல், எடைமேடைக்கோ பதிவு அலுவலகத்துக்கோ சென்று வருதல், கூடு கட்டவும் வண்ணம் பூசவும் பழுது நீக்கவும் பட்டறைக்குச் செல்லுதல், ரயில் நிலையம், துறைமுகம், கண்காட்சி ஆகியவற்றுக்குக் கொண்டு செல்லுதல். இப்பட்டியலில் கோயில் இல்லை. சான்று பெற்றவரோ அவருடைய பணியாளரோ அவர் சார்பில் செயல்படுபவரோ வண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது பொது நிபந்தனை. சோதித்துப் பார்ப்பதற்காக வாங்குபவர் ஓட்டுவதற்கு இடமுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக 42-ஆம் விதி: தற்காலிகமாகவோ நிலையாகவோ பதிவு செய்யாத வண்டியை எந்த வணிகச் சான்றுதாரரும் வாங்கியவரிடம் ஒப்படைக்கக் கூடாது. சாவி கைமாறிய கணத்திலேயே அந்த வண்டி விற்பனையாளர் வசமுள்ள வண்டி அல்லாமற் போகிறது. சிவப்புப் பலகை தந்த விலக்கும் அத்துடன் போய்விடுகிறது.

வாசகர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம்: சட்டத்தின் விளக்கப் பிரிவில் விற்பனையாளர் என்னும் சொல்லுக்குள் வாகனங்களுக்கு ஈட்டுக்கடன், வாடகைக் கொள்முதல் ஆகியவற்றைத் தொழிலாகச் செய்வோரும் அடங்குவர். அவ்வகையில் கார் விற்காத வங்கியும் ஒரு விற்பனையாளர்தான். தவணை தவறியதால் கையகப்படுத்திய வண்டியை எடுத்துச் செல்லுதல், வணிகச் சான்றின் நோக்கங்களில் ஒன்றாக விதிகளில் எழுதப்பட்டதற்கும் அதுவே காரணம். 2022-இல் அறிவிக்கப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் செயலுக்கு வந்த திருத்தம் இதைச் சற்றுத் தெளிவாக்கியது. பதிவோ தற்காலிகப் பதிவோ இல்லாத வண்டிகளுக்கு மட்டுமே வணிகச் சான்று தேவை. அத்தகைய வண்டிகள் உற்பத்தியாளர், இறக்குமதியாளர், விற்பனையாளர், சோதனை நிறுவனம் ஆகியோர் வசம் மட்டுமே இருக்கலாம். சான்றின் ஆயுளும் 12 மாதங்களிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீண்டது. விண்ணப்பம் வாகன் இணையதளம் வழியே நடக்கிறது.

மஞ்சளில் சிவப்பு: காலக்கெடு உள்ள எண்

தற்காலிகப் பதிவு வேறு. அது வண்டிக்கே, வாங்கியவர் பெயரிலேயே வழங்கப்படுவது. ஓரிடத்தில் வாங்கி இன்னொரு மாநிலத்தில் நிலையான பதிவு செய்யவிருப்பவர்களுக்கும், லாரி அடிச்சட்டம் வாங்கிக் கூடு கட்டவிருப்பவர்களுக்கும் இது தவிர்க்க இயலாதது. சான்றில் அச்சிட்டிருக்கும் கடைசி நாள்வரை அந்த எண் முழுச் செல்லுபடி உடையது. மறுநாள் காலையில் அது வெறும் தகடு.

மிகையாகச் சொல்கிறோம் என்று எண்ண வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கில், வண்டியின் தற்காலிகப் பதிவு 2006 ஜனவரி 11-இல் முடிந்திருந்தது. விபத்து நடந்தது பிப்ரவரி 2-இல். இடையில் மூன்று வாரங்கள். காப்பீடு நடப்பில் இருந்தது, பிரீமியம் கட்டப்பட்டிருந்தது. ஆயினும் பதிவில்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டியது சட்ட மீறல் மட்டுமன்று, காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனையையே மீறியதாகும் என்று 2014-இல் தீர்ப்பாயிற்று. இழப்பீடு கிடைக்கவில்லை.

விபத்து என்றால் ஒருவாறு ஏற்கலாம். திருட்டுக்கும் பதிவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அதுவும் கேட்கப்பட்டது. தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19-இல் முடிந்துவிட்ட புதிய பொலீரோ வண்டி ஒன்று, அம்மாத இறுதியில் ஜோத்பூரில் விடுதி ஒன்றின் வெளியே இரவு நிறுத்தியிருந்தபோது களவு போயிற்று. கீழ் ஆணையங்கள் உரிமையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வண்டி ஜோத்பூர்வரை பதிவில்லாமல்தானே ஓட்டி வரப்பட்டது என்பது அதன் வாதம். வண்டியும் போய், காப்பீட்டுத் தொகையும் போய், கடன் மட்டும் மிஞ்சும் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். வாகனம் இல்லை என்பதற்காக எந்த வங்கியும் கடனைத் தள்ளுபடி செய்வதில்லை. அதற்கு எமக்கு அதிகாரமும் இல்லை.

நாடாளுமன்றம் 2019-இல் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் இந்த இடைவெளியைச் சுருக்க முயன்றுள்ளது. விற்பனையகம் உள்ள மாநிலத்திலேயே பதிவாகும் புதிய வண்டிக்கு விற்பனையாளரே விண்ணப்பிக்க வேண்டும். பதிவுக்குறி வண்டியில் பொருத்தப்படும்வரை உரிமையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது. உங்கள் மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அலுவலகத்திலும் பதியலாம் என்ற வசதியும் அச்சட்டத்தில் உண்டு. ஆக, புதிய கார் சிவப்புப் பலகையோடு வாசலில் வந்து நின்றால், விற்பனையகத்தார் உங்களுக்கு உதவி செய்கிறார்கள் என்று பொருளில்லை. தங்கள் தவற்றில் உங்களையும் பங்குதாரர் ஆக்குகிறார்கள்.

தகடு

2019 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் தயாரான வண்டிகள் உயர்பாதுகாப்புப் பலகையோடுதான் வருகின்றன. அலுமினியத் தகடு, இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம் பதித்த ஒளிப்படிமம், அதன் கீழ் நீல நிறத்தில் நாட்டின் குறியெழுத்து, லேசரால் பொறித்த தனி அடையாள எண், ஒருமுறை பூட்டினால் உடைத்தே எடுக்க வேண்டிய பூட்டாணிகள். காரின் முன்கண்ணாடியில் ஒட்டப்படும் மூன்றாவது குறியும் இதன் பகுதியே. பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளுக்கு வெளிர்நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. பூட்டாணியை அகற்றி அழகிய எழுத்தில் வேறு பலகை மாட்டிக்கொள்ளும் இளைஞர்கள், எண்ணை மாற்றவில்லையே என்று வாதிடுவார்கள். எண் மாறவில்லை, ஆனால் அந்தத் தகட்டை அந்த வண்டியோடு கட்டிவைத்திருந்த அடையாளம் போய்விட்டது.

எண் பலகை வண்டியின் முகவரி எனலாம். அதன் கைரேகை, பதினேழு குறிகள் கொண்ட அடிச்சட்ட எண். வங்கி தன் கோப்பில் முதன்மையாகக் கொள்வது அதைத்தான். விலைப்பட்டியல், காப்பீட்டுப் பத்திரம், பதிவுச் சான்று ஆகிய மூன்றிலும் அந்தப் பதினேழும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஓரெழுத்து தட்டச்சில் பிழையானதால் உரிமை கோரிய தொகை மாதக்கணக்கில் நின்றுபோனதை நாம் பார்த்திருக்கிறோம். வண்டியை எடுக்கும் நாளன்று பூமாலையைக் கவனிக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் இதற்கும் ஒதுக்கலாம். ஃபாஸ்டேக் வில்லையும் அப்படியே. புதிய வண்டியில் அடிச்சட்ட எண்ணைக் கொண்டு ஒட்டியிருப்பார்கள். பதிவெண் கிடைத்ததும் அதை வழங்கிய வங்கியிடம் தெரிவித்துச் சேர்க்க வேண்டும்.

பதிவுச் சான்றில் வங்கியின் பெயர்

"கடன் கொடுத்துவிட்டீர்கள், தவணையும் கட்டுகிறேன். ஆர்.சி. நகலுக்கு ஏன் இத்தனை நினைவூட்டல்?" என்று கோபிக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. கோபத்தில் நியாயமும் உண்டு. எமது நினைவூட்டல் கடிதங்களின் நடை அத்தனை இனிமையானதன்று. காரணத்தை மட்டும் சொல்லிவிடுகிறோம். வீட்டுக் கடனில் பத்திரம் வங்கியின் பெட்டகத்தில் இருக்கும். வாகனக் கடனில் பொருளும் உங்களிடம், சான்றும் உங்களிடம். வங்கிக்கு இருக்கும் ஒரே பிடிமானம், சட்டத்தின் 51-ஆம் பிரிவின்கீழ்ப் பதிவுச் சான்றில் எழுதப்படும் ஈட்டுக் குறிப்பு. அக்குறிப்பு இருக்கும்வரை கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான இசைவின்றி வண்டியைப் பிறர் பெயருக்கு மாற்ற இயலாது. பணம் விற்பனையகத்துக்குப் போய், வண்டி பதிவாகாமலோ குறிப்பில்லாமல் பதிவாகியோ இருந்தால், அந்தக் கடன் கணக்கில் மட்டும் வாகனக் கடன், உண்மையில் கைமாற்று.

இப்பிரிவில் வாடிக்கையாளருக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். வேறு மாநிலத்துக்கு வண்டியை மாற்ற, பதிவுச் சான்றின் மறுபடி பெற, இன்ன பிற தேவைகளுக்கு வங்கியிடம் தடையின்மைச் சான்று கேட்டு விண்ணப்பித்தால், ஏழு நாட்களுக்குள் வங்கி அதை வழங்க வேண்டும் அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டும் செய்யாவிடில் சான்று வழங்கப்பட்டதாகவே சட்டம் கொள்ளும். விண்ணப்பத்தை நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகலை வைத்துக்கொள்வது நல்லது. எம் சக ஊழியர்கள் இதைப் படித்து எம்மீது வருந்தக்கூடும்.

கடன் முடிந்ததும் கதை முடிந்ததாகக் கருதுவது இன்னொரு பிழை. வங்கி தரும் கடிதமும் 35-ஆம் எண் படிவமும் மேசை இழுப்பறையில் தூங்கினால், சான்றில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும். எட்டாண்டுக்குப் பின் விற்கப்போகும்போது கிளை இடம் மாறியிருக்கும்; வங்கியே வேறொரு வங்கியோடு இணைந்து பெயரும் மாறியிருக்கலாம். படிவம் கிடைத்த வாரத்திலேயே பதிவு அலுவலகத்திலோ பரிவாகன் தளத்திலோ ஈட்டுக் குறிப்பை நீக்கக் கோரிவிடுங்கள்.

விற்ற பிறகும் உங்கள் வண்டி

இதைத்தான் மிகுந்த கவலையோடு எழுதுகிறோம். பழைய காரை மாற்றிப் புதிய காருக்குக் கடன் கேட்டு வருபவரிடம் "பழைய வண்டி யார் பெயருக்கு மாறியது?" என்று கேட்டால், பத்தில் ஆறேழு பேர், "அதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்" என்பார்கள். தேதி இடாத, வாங்குபவர் பெயர் எழுதாத படிவங்கள்.

ஒருவர் 2007-இல் தம் காரை விற்றார். வாங்கியவர் மற்றொருவருக்கு விற்றார், அவர் இன்னொருவருக்கு. யாரும் பெயர் மாற்றவில்லை. 2009-இல் அந்தக் கார் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போயிற்று. இழப்பீட்டை யார் தருவது? கடைசியாக வாங்கியவர் என்றது உயர் நீதிமன்றம். 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு வேறுவிதமாகக் கூறியது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், பாதிக்கப்பட்டவர் கைமாறிய சங்கிலியைத் தேடி அலைய வேண்டியதில்லை. விற்று ஈராண்டாகியும் பொறுப்பு முதலில் விற்றவரிடமே வந்து சேர்ந்தது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பக்கமிருந்து பார்த்தால் இது நியாயமே என்பது எம் எண்ணம். ஓடும் வண்டியின் எண்ணைத்தான் அவர்களால் குறித்துக்கொள்ள முடியும்.

விற்பவர், அதே மாநிலத்துக்குள் என்றால் பதினான்கு நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு முப்பது நாட்கள். பழைய வண்டி வணிகர்களிடம் விற்போருக்கென 2023 ஏப்ரல் முதல் ஒரு புதிய ஏற்பாடும் உள்ளது. பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். நீங்கள் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை இணையவழியில் தெரிவித்ததும், அது மறுபடி விற்கப்படும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அவர் அவ்வண்டியைச் சோதனை ஓட்டம், பழுது நீக்கம் போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். ஒவ்வோர் ஓட்டத்தையும் மின்பதிவேட்டில் குறிக்க வேண்டும். சிவப்புப் பலகைக்கு இருக்கும் ஒழுங்கு ஏறத்தாழ பழைய வண்டிக்கும் வந்துவிட்டது எனலாம். எனவே விலை பேசும் முன், அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகத் தரும் அங்கீகாரமற்றவரைவிட, ஐயாயிரம் குறைத்துத் தரும் அங்கீகாரம் பெற்றவரே மேல்.

மாநிலம் விட்டு மாநிலம்

எம்மைப் போன்று மூன்றாண்டுக்கு ஒருமுறை பெட்டி கட்டுபவர்களுக்கு இது தனித் துன்பம். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய பதிவுக்குறி பெற வேண்டும். பழைய மாநிலத்தில் தடையின்மைச் சான்று, கடன் இருந்தால் வங்கியின் இசைவு, புதிய மாநிலத்தில் சாலை வரி, பிறகு பழைய மாநிலத்தில் எஞ்சிய வரியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் என்று வரிசை நீளும். இந்தச் சுற்றிலிருந்து விடுபடவே 2021 செப்டம்பர் 15 முதல் பாரத் வரிசை வந்தது. இதில் முதலில் வருவது மாநிலம் அன்று, பதிவான ஆண்டு, அடுத்து பி.ஹெச்., நான்கு இலக்கம், இறுதியில் எழுத்துகள். பாதுகாப்புப் படையினர், மத்திய, மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை நிறுவன ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோர் இதைப் பெறலாம். வாழ்நாள் வரியை மொத்தமாகக் கட்டாமல் இரண்டிரண்டு ஆண்டுகளுக்குக் கட்டினால் போதும். ஆனால் அந்த இரண்டாவது ஆண்டு முடிவதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் நீங்கள்தான். எங்கள் அலுவலக வாகன நிறுத்தத்தில் இவ்வரிசை எண்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன.

பெங்களூர் நண்பருடைய விவகாரம் இறுதியில் தீர்ந்தது. காயமடைந்த இளைஞரின் மருத்துவச் செலவில் ஒரு பகுதியை விற்பனையகமும் மீதியை இவரும் ஏற்றார்கள். இரண்டாண்டு கழித்து மகளுக்கு ஸ்கூட்டர் வாங்க அவர் மீண்டும் கிளைக்கு வந்தார். அதுவும் ஆயுத பூஜை வாரம். கடனுக்குக் கையெழுத்திடும்போதே, நம்பர் பலகை பூட்டப்பட்ட பிறகுதான் வண்டியை எடுப்பேன் என்று விற்பனையகத்தாரிடம் சொல்லிவிட்டதாகக் கூறினார். பலகை வர நான்கு நாட்கள் ஆயின. பூஜையைப் பௌர்ணமியன்று போட்டுக்கொண்டார்கள்.